பெயரில்லாத ஒன்பது படி

திருமூர்த்திக்கு அம்மை போட்டது குடும்பத்துக்கு நல்லதாகப் போயிற்று. இதைச் சொன்னது வேறு யாருமல்ல, அவருடைய மாமியார் பூங்கொடிதான். படுக்கையில் வேப்பிலையை மாற்ற வந்த இடத்தில் சந்தோஷம் தாங்காமல் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "மாரியாத்தா, மன்னிச்சுக்க தாயி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மன்னிப்பு ஆத்தாளிடம் கேட்டாரே ஒழிய, மாப்பிள்ளையிடம் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். திருச்செங்கோட்டில் மோகனசுந்தரத்தின் குடும்பம் பன்னிரண்டு வருஷமாக 'ஏழு கோட்டை' என்ற விளையாட்டை ஆடிவருகிறது. நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினால், நாற்காலியில் உட்கார்ந்த மனிதர் வாளோடும் வில்லோடும் ஒரு பாழடைந்த கோட்டைக்குள் நிற்பார். ஓர் அணிக்கு நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் இருபது படி. அந்த இருபதை ஒரே வித்தையில் போடலாம், பல வித்தைகளுக்குப் பிரித்தும் போடலாம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த மோகனசுந்தரம் மந்திரத்தில் இருபது படி. பூங்கொடி வாளில் இருபது. மூத்த மகள் நேத்ரா மருத்துவத்தில் இருபது. அவள் கணவர் திருமூர்த்தி வில்லில் இருபது. ஆளுக்கு ஒரு வித்தை, அதில் முழு இருபது, என்பது மோகனசுந்தரத்தின் கொள்கை.

கொள்கை பார்க்க லட்சணமாக இருந்தது. அணிதான் மூன்றாம் கோட்டையைத் தாண்டியதில்லை.

அதற்குக் காரணம் வாளோ வில்லோ அல்ல. மாப்பிள்ளை மரியாதை. சந்தேகத்துக்கு இடமான ஒரு கல் தரையில் தெரிந்தால், மற்ற அணிகளில் தலைவர், "டேய், நீ போய்ப் பாரு" என்பார். வேலை முடிந்தது. மோகனசுந்தரம் அப்படிச் சொல்ல முடியுமா? "மாப்ள, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்குச் சௌரியப்பட்டாச் சொல்றேன். அந்தக் கல்லு மேல கொஞ்சம்..." என்று அவர் ஆரம்பித்து வாக்கியத்தை முடிப்பதற்குள் கூரை இறங்கி நான்கு பேரையும் நசுக்கிவிடும். மூன்று வருஷம் தொடர்ந்து அதே கல், அதே வாக்கியம், அதே கூரை.

இந்த வருஷம் தகுதிச் சுற்று நடக்கும் நேரம் பார்த்துத் திருமூர்த்திக்கு அம்மை. நெற்றியெல்லாம் முத்து. பட்டை கட்டக் கூடாது. நான்காம் ஆளாக இளைய மாப்பிள்ளை தருணைச் சேர்த்தார்கள். அம்மை போட்ட வீட்டுக்கு வெளியாள் வரக் கூடாது என்பதால் அவன் தன் வீட்டிலிருந்தே பட்டை கட்டிக்கொண்டான். ஆள் வராமல் அவன் பெயர் மட்டும் வீட்டுக்குள் வந்தது. தாளிதம் இல்லாத வீட்டில், காற்றாட வேப்பிலை மேல் படுத்திருந்த திருமூர்த்திக்கு, அடுத்த அறையிலிருந்து நாள் முழுக்க அந்தப் பெயர் கேட்டது. "ஆகா தருணு!" என்று மாமனார். "எப்புடீங்க அதைத் தெறந்தீங்க!" என்று மாமியார். கடைசியாக, பதினேழு வருஷத்தில் தன்னிடம் ஒரு முறைகூடக் காட்டாத குரலில், "சூப்பர்ங்க தம்பி!" என்று நேத்ரா.

திருமூர்த்திக்கு உடம்பு முழுவதும் அரித்தது. அம்மை ஒரு பங்குதான்.

தண்ணீர் ஊற்றி அவர் எழுந்து வந்தபோது, அணி தகுதிச் சுற்று ஆறையும் முடித்து, ஈரோட்டில் நடக்கும் இறுதிப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. போட்டிக்கு இரண்டு வாரம். இடம் நான்கு. மாப்பிள்ளை இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பம் சாப்பிட உட்கார்ந்தது. தருணும் அவன் மனைவி மிதுனாவும் வந்திருந்தார்கள். ரசம் வந்ததும் மோகனசுந்தரம் இலையைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு மாதிரி. எந்தக் கண்ணை மூடிக்கிட்டுப் போறதுன்னு நான் எப்புடீங்க சொல்றது? நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க மாப்ள."

"இதுல பேச என்னங்கப்பா இருக்குது?" என்றாள் நேத்ரா. வைத்தியம் பார்ப்பவள், ஊசியைச் சுற்றி வளைத்துப் போடத் தெரியாது. "தம்பி வில்லுல பதினொண்ணு, மருத்துவத்துல நாலு, திருட்டுல மூணு, பாட்டுல ரெண்டு. ஒவ்வொண்ணும் கணக்குப் பண்ணி நிறுத்தியிருக்காங்க. திருட்டுல மூணாவது படியிலதான் பொறியைக் கழட்ட வரும். அதுக்கு மேல ஏறி என்ன பண்றது, நாம என்ன திருடவா போறோம்? மருத்துவத்துல நாலுல விழுந்தவங்களை எழுப்ப வரும். பாட்டுல ரெண்டு போதும், டீமுக்குத் தைரியம் வந்துரும். நான் விழுந்தா என்னை எழுப்ப இத்தன வருசமா ஆளே கிடையாது. இப்ப இருக்குது."

"வில்லுல இருபதாம் படிக்கு ஒரு வரம் உண்டு," என்றார் திருமூர்த்தி. "குறி தப்பாத அம்பு."

"அது உங்களுக்கு எப்பங்க வந்துது?"

வரவில்லை. இருபது படி ஏறி ஏழு வருஷமாகிறது, அந்த அம்பு மட்டும் வரவே இல்லை. விளையாட்டு நிறுவனத்துக்கு அவர் இதுவரை நாற்பத்திரண்டு புகார் எழுதியிருக்கிறார். நாற்பத்திரண்டுக்கும் ஒரே பதில்: தங்கள் கணக்கில் பிழை ஏதும் இல்லை.

தருண் எழுந்து, பூங்கொடியின் கையிலிருந்த மோர்ச் சட்டியை வாங்கி எல்லாருக்கும் ஊற்றினான். அதுதான் திருமூர்த்திக்கு அவனிடம் பிடிக்காதது. பட்டை கட்டிப் பழகிய வித்தை விளையாட்டோடு நிற்காது, கைக்கும் நாக்குக்கும் இறங்கிவிடும் என்பது ஊரறிந்த செய்தி. பூங்கொடி பலாப்பழத்தை மூன்றே வீச்சில் சுளை சுளையாகப் பிரிப்பார். தெருநாய்கள் அவரைக் கண்டால் வரிசையில் நிற்கும். திருமூர்த்தி பட்டறையில் துளைக்கும் தண்டு ஒரு மயிரிழை கோணியிருந்தாலும் வாசலில் நின்றே சொல்லிவிடுவார். ஆனால் கல்யாண வீட்டில் யார் போய்த் தண்டைக் கோணவைத்துக் காட்டச் சொல்கிறார்கள்? அங்கே தருணைத்தான் தேடுவார்கள். பீரோ சாவி தொலைந்தால் தருண். கிழவர் மயங்கினால் தருண். மைக் சும்மா இருந்தால் தருண். பிழைப்புக்குக் கோழிப்பண்ணைகளுக்குத் தீவன யோசனை சொல்கிறவன், அவன் உள்ளே போனால் கோழிகள்கூட எழுந்து நிற்பதாகப் பேச்சு.

"எனக்கும் நாலு, மூணு, ரெண்டு போட்டுக்க எவ்வளவு நேரமாகும்?" என்றார் திருமூர்த்தி.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் ஈரோட்டுக்குப் போயிருக்க மாட்டார்.

*

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது படிமாற்று நிலையம். இருபது படியும் நிறைந்தவர்கள் புதிதாக ஒன்று வேண்டுமென்றால், பழையதில் ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் வாங்க முடியும். மண்டைக்குள் அவ்வளவுதான் இடம். அங்கே இருந்த பெண்ணின் பெயர் ஜெரூஷா. கடலைமிட்டாயை மென்றுகொண்டே திருமூர்த்தியின் பட்டையைத் தன் பெட்டியில் மாட்டினாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"சார், உங்களுக்கு வில் எத்தனை படி?"

"இருபது."

"பதினொண்ணு."

திருமூர்த்தி நாற்பத்து மூன்றாவது புகாரை மனசுக்குள் எழுத ஆரம்பித்தார். "எங்க டீம் புள்ளிப் பலகையில இருபதுன்னு போட்டிருக்குதுங்களே!"

"பலகைக்குப் பேர் தெரிஞ்ச வித்தை ஒண்ணே ஒண்ணுன்னா, முழுசையும் அது பேர்லயே எழுதிடும். உங்ககிட்ட வில் பதினொண்ணு. மீதி ஒன்பது வேற என்னமோ. பேர் கிடையாது. விளையாட்டுல இல்லாத வித்தை."

"வெளையாட்டுல இல்லாதது எப்புடீங்க ஏறும்?"

"பட்டைக்கு விளையாட்டு, வாழ்க்கைன்னு வித்தியாசம் தெரியாது சார். எதை விடாம பழகறீங்களோ அதை எண்ணும். சிலர் மாமியாரோட சண்டை போட்டே ஆறு படி ஏறி வர்றாங்க." அவள் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினாள். "ஏறின தேதி இருக்கு. ஞாபகம் வருதான்னு பாருங்க. முதல் படி, பதினோரு வருஷம் முன்னாடி, வைகாசி இருபத்தி மூணு."

அது தருணின் கல்யாண நாள். சீர்த் தட்டுகளைப் பார்த்துவிட்டு, தன் கல்யாணத்தில் எத்தனை தட்டு என்று திருமூர்த்தி மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்த நாள்.

"ஞாபகம் இல்லீங்க," என்றார்.

"ரெண்டாவது, அதே வருஷம் தலை தீபாவளி."

மாமனார் தருணுக்கு எடுத்த வேட்டியின் கரை இரண்டு விரல் அகலம். "ஞாபகம் இல்லீங்க."

"அஞ்சாவது, ஆறு வருஷம் முன்னாடி, ஆவணி."

பட்டறையில் கம்ப்ரெசர் நின்றுபோய், விருந்தாளியாக வந்த தருண் ஒரு கொண்டை ஊசியால் அதை ஓடவைத்தது. "ம்ஹூம்."

"எட்டும் ஒன்பதும் ஒரே நாள்ல ஏறியிருக்கு. இருபது நாளா பட்டையே கட்டலை, கட்டினதும் ஒரே தாவுல ரெண்டு படி. அந்த இருபது நாள் என்ன பண்ணினீங்க?"

"படுத்திருந்தேன்."

"அவ்வளவுதானா?"

"காது கேட்டுது," என்றார் திருமூர்த்தி.

ஜெரூஷாவுக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் பத்து வருஷம் இருப்பவள். "யார் சார்? கூடப் பிறந்தவரா?"

"சகலை."

"ஓ," என்றாள், வயிற்றுவலிக்காரரிடம் வைத்தியர் சொல்வது போல. "நல்லதுதான் சார். ஒன்பதையும் கொடுத்துட்டு மருத்துவம் நாலு, திருட்டு மூணு, பாட்டு ரெண்டு வாங்கிக்கலாம். கச்சிதமா வருது. ஆனா ஒண்ணு. அது போயிட்டா, எதுக்கு இங்க வந்தோம்னே உங்களுக்குத் தோணாது."

"அப்புறம் எனக்கு எப்புடீங்க சந்தோசமா இருக்கும்?"

"இருக்காது. துக்கமாவும் இருக்காது. பதினோரு வருஷம் வேர் விட்டது சார், பிடுங்கினா கூட எது எது வரும்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. திரும்ப வேணும்னாலும் நாங்க வச்சுக் கொடுக்க முடியாது. நீங்களா பழகினாத்தான் ஏறும், அதுக்கு ஒரு காரணம் வேணும். ஏறினா வேற ஏதாவது ஒரு படி இறங்கும்." கடலைமிட்டாயில் அடுத்த துண்டை உடைத்தாள். "இதுக்கு முன்னாடி ஒருத்தரே ஒருத்தர் இப்படிப் பேரில்லாத ஒன்பதோட வந்தார். இதே நாலு, மூணு, ரெண்டு வாங்கிட்டுப் போனார். நான் வேலையில சேர்ந்த புதுசு. அவருக்கு ஒன்பதும் ஏற எடுத்துக்கிட்டது ஒரே ஒரு வருஷம். அந்த மாதிரி நான் பார்த்ததில்லை."

திருமூர்த்தியின் காது சூடாயிற்று. "பேரு?"

"சொல்லக் கூடாது சார். நீங்களும் மூணு நாள் யோசிச்சுட்டு வந்து கையெழுத்துப் போடுங்க. சட்டம்."

பெயர் எதற்கு? நாலு, மூணு, ரெண்டு. படி இறங்கி வரும்போது அவர் மனசில் முதலில் எழுந்த கேள்வி, தருண் யாரைப் பார்த்து அப்படி எரிந்தான் என்பதல்ல. தனக்குப் பதினோரு வருஷம் பிடித்ததை அவன் எப்படி ஒரே வருஷத்தில் முடித்தான் என்பதுதான்.

*

மறுநாள் காலை பத்து மணிக்குத் தருணை அவன் வழக்கமாகப் போகும் தீவன ஆலையிலேயே பிடித்தார். மக்காச்சோள மூட்டை அடுக்குக்கு நடுவில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூட்டையில் உட்கார்ந்தார்கள்.

"வாங்கண்ணா. டீ சொல்லட்டுங்களா?"

"டீ கெடக்குது. ஈரோட்டு மாடிக்கு நீங்க போனீங்களா தம்பி?"

"போனனுங்கண்ணா. பத்து வருசமாச்சு." ஒளிக்கவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"யாரை நெனச்சு?"

"உங்களைத்தானுங்கண்ணா."

திருமூர்த்தி மூட்டையிலிருந்து கொஞ்சம் சரிந்து, மறுபடி ஏறி உட்கார்ந்தார். "என்னையா? எங்கிட்ட என்னங்க இருக்குது?"

"எல்லாமே இருந்துதுங்க அப்ப. என் கல்யாணத்துல தாலி கட்டிட்டு மணவறையில நான் உக்கோந்திருக்கேன். மாமா நேரா வந்தாரு. என்னைத் தாண்டிப் போனாரு. உங்ககிட்டப் போயி, 'மாப்ள, சாப்ட்டீங்களா'ன்னாரு. என்ற கல்யாணத்துலீங்க! பந்தியில மொத எல உங்களுக்கு. போட்டோவுல நடுவுல நீங்க. பட்டறையில ஒரு தண்டை இழுத்தா, 'பெரிய மாப்ள பார்த்தாச்சா'ன்னு கேப்பாங்க. ஒரே வித்தையைப் புடிச்சுக்கிட்டு அசையாம நிப்பீங்க. அந்த நிப்பைப் பாத்தா எனக்கு வவுறு பத்திக்கிட்டு எரியும்."

"அப்புறம்?" என்றார் திருமூர்த்தி. தாகமெடுத்தவர் சொம்பைப் பார்ப்பது போல அவன் வாயைப் பார்த்தார். "வேறென்ன? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"உங்க மீசைகூடங்கண்ணா."

திருமூர்த்தி மீசையைத் தடவிக்கொண்டார். பதினோரு வருஷத்தில் அவருக்கு வயிறு குளிர்ந்தது அந்த ஒரு நிமிஷம்தான். "சரி, இப்ப எப்புடி இருக்குது? என்னையப் பார்த்தா?"

தருண் அவரை உற்றுப் பார்த்தான். தீவனத்தில் ஈரம் எத்தனை சதவீதம் என்று பார்க்கிற பார்வை.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. நல்லா இருக்கீங்க."

"கொஞ்சங்கூட இல்லீங்களா?"

"அதான் எடுத்தாச்சேங்க."

ஆலை ஓடிக்கொண்டிருந்தது. திருமூர்த்திக்கு அந்தச் சத்தம் தன் தலைக்குள் கேட்பதாகத் தோன்றியது. பத்து வருஷமாக இவர் ஒருவர் மட்டும் எரிந்திருக்கிறார், எதிரில் அடுப்பே இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி இவர் அழுத்தி அழுத்திக் கட்டிய அகலக் கரை வேட்டி ஒன்றையும் அவன் கவனித்திருக்க மாட்டான்.

"மிதுனாதான் வெசனப்படறா," என்றான் தருண். "ஒரு நா கேட்டா, 'நான் உங்களை உட்டுப்போட்டு வேற யாரோடவாச்சும் போயிட்டா என்ன பண்ணுவீங்க'ன்னு. 'பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து உடட்டுமா'ன்னு கேட்டேன். சாமானம் இருக்குமில்லீங்களா, கனமா. அவ மூணு நாள் பேசலீங்க. அது தப்பான பதில்னு இப்பத் தெரியுது. ஏன் தப்புன்னுதான் தெரியல."

திருமூர்த்தி மூட்டையிலிருந்து உதிர்ந்த சோளம் ஒன்றைப் பொறுக்கினார்.

"எனக்கு எதுவும் வேணும்னு தோணறதில்லீங்கண்ணா. யாராச்சும் கேக்கறாங்க, செய்யறேன். சாவி தொறன்னா தொறக்கறேன், பாடுன்னா பாடறேன். அந்தக் கோட்டையும் அப்புடித்தான். உங்களுக்கு வேணும்னா நீங்களே போங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

பதினோரு வருஷம் எதற்காக மல்லுக்கட்டினாரோ அதை அவன் மூட்டையில் உட்கார்ந்தபடியே தூக்கிக் கொடுத்துவிட்டான். பிடுங்கியிருந்தால் இனித்திருக்கும். இது தீவனம் மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் திருமூர்த்தி ஈரோட்டுக்குப் போகவில்லை. ஏதோ பெரிய ஞானம் பிறந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. தருண் செய்த காரியத்தைத் தருணுக்குப் பத்து வருஷம் பிந்திச் செய்வதா என்ற ரோஷம்தான்.

*

"பொறியை ஆரு கழட்டறது?" என்று நேத்ரா கேட்டுக்கொண்டே இருந்தாள். போட்டியன்று காலை ஈரோட்டுக்குப் போகும் வண்டியில் கேட்டாள், அரங்க வாசலில் கேட்டாள், நெற்றியில் பட்டை கட்டும்போதும் கேட்டாள். "நான் விழுந்தா ஆருங்க எழுப்பறது? சொல்லுங்க. பதினொண்ணு வில்லை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" அந்தப் பதினொன்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. மனைவிகளுக்கு இதற்கெல்லாம் பெட்டி வேண்டியதில்லை.

"பாத்துக்கலாம்," என்றார். நம்பிச் சொல்லவில்லை. வேறு வார்த்தை இல்லை.

அரங்கில் ஆயிரம் பேர் இருந்தார்கள். முன்வரிசையில் தருணும் மிதுனாவும். மேலே பெரிய திரையில் கோட்டை தெரிந்தது. முதல் கோட்டையைப் பூங்கொடி தனியாளாகவே பிரித்தார், பலாப்பழம் மாதிரி. இரண்டாவது, மோகனசுந்தரத்தின் மந்திரத்துக்குப் பணிந்தது. மூன்றாம் கோட்டையில் அதே கல் காத்திருந்தது.

மோகனசுந்தரம் தொண்டையைச் செருமினார். "மாப்ள, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்குச் சௌரியப்பட்டா..."

அவர் முடிப்பதற்குள் திருமூர்த்தி கல்லருகே மண்டியிட்டிருந்தார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியாது. கட்டைவிரலைச் சட்டையில் ஒரு தரம் துடைத்தார். அது அவர் பழக்கம் அல்ல. பீரோ முன்னால் உட்கார்ந்தால் தருண் அப்படித்தான் துடைப்பான், பத்து வருஷமாக அதைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். தலையை இடது பக்கம் சாய்த்தார். அதுவும் அவனுடையது. சுண்டுவிரலைக் கல்லின் விளிம்பில் விட்டு, மூச்சை நிறுத்தி, ஒரு நெம்பு. "ஆச்சு," என்றார், தருணின் குரலில். கல் விலகியது, கூரை அப்படியே நின்றது.

பதினோரு வருஷம் ஒரு மனிதனை உற்று உற்றுப் பார்த்தவர் அவர். அவன் சோறு பிசைவது, நாடி பிடிப்பது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது என ஒன்றைக்கூடக் கண்ணிலிருந்து நழுவவிட்டதில்லை. அவன் மனைவிகூட அவனை அவ்வளவு பார்த்திருக்க மாட்டாள். பெயரில்லாத அந்த ஒன்பது படிக்குள் ஒரு முழுத் தருண் உட்கார்ந்திருந்தான். பட்டைக்கு வித்தையின் பெயர் முக்கியமில்லை, கை சரியாகச் செய்தால் போதும், கதவு திறந்துவிடும்.

ஐந்தாம் கோட்டையில் நேத்ரா விழுந்தாள். திருமூர்த்தி ஓடிப்போய், மயங்கின கிழவருக்குத் தருண் செய்தது போலவே, இரண்டு விரலைக் கழுத்தெலும்பின்மேல் வைத்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எந்திரிங்க," என்றார். நேத்ரா கண்ணைத் திறந்து, யாரோ என்று ஒரு நொடி பார்த்தாள். ஆறாம் கோட்டையில் இருட்டைப் பார்த்துப் பூங்கொடியே தயங்கினார். திருமூர்த்தி பாடினார். கல்யாண வீடுகளில் தருண் பாடுகிற அதே கும்மிப் பாட்டு, அதே இடத்தில் அதே இழுப்பு. கேட்கச் சகிக்கவில்லை என்று நேத்ரா பிறகு சொன்னாள். ஆனாலும் நான்கு பேருக்கும் தைரியம் வந்தது.

ஏழாம் கோட்டையில் வில்லே போதுமானதாக இருந்தது. அம்பு குறி தப்பவும் இல்லை. கொஞ்சம் பக்கத்தில் போய் நின்று அம்பை விட்டார்.

திரை முழுக்கப் பூவாகக் கொட்டியது. பட்டையைக் கழற்றியதும் மோகனசுந்தரம் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். கண்ணில் நீர். பதினேழு வருஷ மரியாதைக்குப் பிறகு மாப்பிள்ளையைத் தொடுவது இதுவே முதல் முறை.

"மாப்ள! சத்தியமாச் சொல்றேன். அப்புடியே சின்ன மாப்ள மாதிரியே பண்ணிப்போட்டீங்க!"

"அச்சு அசல் தருணு!" என்றார் பூங்கொடி.

திருமூர்த்தி சிரிக்க முயன்றார். அடிவயிற்றில் இதமாக ஏதோ பற்றிக்கொண்டு ஒரு படி மேலே ஏறியது. எத்தனையாவது என்று அவருக்குத் தெரியும்.

வெளியே மரத்தடியில் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறந்தார்கள். எல்லாரும் திருமூர்த்தியைச் சுற்றி நின்றார்கள். கல்லைப் பற்றிப் பேசினார்கள், கட்டைவிரலைப் பற்றிப் பேசினார்கள். மக்கள் வந்து கை கொடுத்தார்கள், அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தருண் கொஞ்சம் தள்ளி நின்றான். பாத்திரத்தை வாங்கிப் பரிமாற அவன் வரவில்லை. மிதுனாதான் முதலில் அதைக் கவனித்துக் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க தம்பி," என்றார் திருமூர்த்தி. "எப்புடி?"

"கட்டைவிரலை அவ்வளவு நேரம் தொடைக்கக் கூடாது," என்றான் தருண். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தின் கடைசியில் ஓர் 'அண்ணா' இல்லை. ஒரு 'ங்க'கூட இல்லை. "அதுவும் நான் கண்டுபுடிச்சது. எல்லாரும் உங்க வித்தைன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க."

"அட, அதுக்கென்னுங்க மாப்ள!" என்று மோகனசுந்தரம் சமாதானமாகக் குறுக்கே வந்தார். "ஜெயிச்ச சந்தோசத்துக்கு நீங்க ஒரு பாட்டுப் பாடுங்க, கேப்போம்."

தருண் பாடினான். அதே கும்மிப் பாட்டு. முதல் அடி வந்தது. இரண்டாம் அடியில், எப்போதும் இழுக்கிற அந்த இடத்தில், சுருதி ஒரு படி இறங்கியது. அவன் நிறுத்தி, மறுபடி எடுத்தான். மறுபடியும் இறங்கியது. பூங்கொடி, "தொண்டை கட்டியிருக்குது, வெந்நி குடிங்க," என்றார். நேத்ரா தூசி என்றாள். மோகனசுந்தரம் ஈரோட்டுக் காற்றைக் குறை சொன்னார்.

மிதுனா கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாகப் பூட்டிக்கிடந்த வீட்டுக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டவளைப் போல.

திருமூர்த்தி மீசையைத் துடைத்துக்கொண்டு இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"நல்லாத்தான இருக்குது," என்றார். "இன்னொண்ணு பாடுங்க தம்பி."

தருண் அவரை முறைத்தான்.

அன்று ஜெயித்தது அப்போதுதான் என்று திருமூர்த்திக்குத் தெரிந்தது.